ஞானப்பிரகாசம் வாத்தியார் நிரப்பிய விண்ணப்பம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் செல்லையா என் கயிற்றுக் கடைக்கு வந்தார். பினாங்குத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவர். வேலை நேரத்தில் சூலியா தெருப் பக்கம் தலைகாட்டுகிற ஆள் அல்ல. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே நின்றார்.

"காசிம் அண்ணே, வாத்தியார் போயிட்டாரு."

"எந்த வாத்தியார்?" என்று கேட்டேன். எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வாத்தியார்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வேணும்னே கேக்கிறீங்க. நம்ம ஞானப்பிரகாசம் வாத்தியார்தான். பூசைக்குப் போகச் சட்டை மாட்டிக்கிட்டு இருந்தாராம், அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாராம். நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கிறாங்க. வருவீங்கல்ல?"

"கடை இருக்கு."

"கடை நாளான்னைக்கும் இருக்கும்லா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இறப்புச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் நாங்கள் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கிறிஸ்துவ வேதக்காரர். இருந்தாலும் சொன்னேன். அதற்கு மேல் அன்று ஒன்றும் செய்யவில்லை. ஒரு தொங்கான் படகுக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தேன், அதை அளந்து முடித்தேன்.

அதற்குப் பின் இந்தப் பத்திரிகையில் அவரைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர் அவரை ஏணி என்றார். இன்னொருவர் விளக்கு என்றார். செல்லையா இரண்டையும் சொல்லிவிட்டு நிழல் தரும் மரம் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் எழுதுவது நான்காவது. அவரை அறிந்த உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் இறந்துவிட்டார் என்பதற்காக நான் அவரோடு சமாதானமாகிவிடவில்லை. சமாதானத்தைத் தேடுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அத்தாவுக்குக் கண் மங்கியதும் கடைக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் படித்ததெல்லாம் கடையில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து நானாகப் படித்தது. அகராதி ஒரு பக்கம், பாடப் புத்தகம் ஒரு பக்கம். எதற்குப் படித்தாய் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நான் டாக்டராக நினைத்தேன். எங்கள் தெருக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்குத் தமிழ் தெரியாது, போனவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று பெயர்த்துச் சொல்கிற டிரசர், அதாவது டாக்டரின் உதவியாளர், நோயாளி அரை மணி சொன்னதை அரை வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த அரை வார்த்தைக்கு மருந்து கொடுப்பார்கள். என் சின்னம்மா அப்படி மூன்று மாதம் தப்பான மருந்தைக் குடித்துத்தான் போனார்கள். சிங்கப்பூரில் டாக்டர் படிப்புக்குச் சேர வேண்டுமென்றால் பள்ளியிறுதி சீனியர் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். அதிலும் இங்கிலீஷ், கணக்கு இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு வயது வரம்பும் இருந்தது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியாருக்கும் இந்த மூன்றும் நன்றாகத் தெரியும்.

முதல் முறை யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக விண்ணப்பித்து எழுதினேன். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது அந்த வழக்கம்? அத்தா பெயரை ஒரு கோட்டிலும் என் பெயரை ஒரு கோட்டிலும் எழுதி அனுப்பினேன். விடைத்தாள் கப்பலேறிச் சீமைக்குப் போய், முடிவு திரும்பி வந்தபோது பட்டியலில் என் பெயரே இல்லை. அகமது மீரா என்று என் அத்தா பெயர் இருந்தது. அகமது மீரா மூன்று பாடத்தில் தவறியிருந்தார். அதன் பிறகு ஒரு மாதம் அத்தா கடையில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "என்ன மொதலாளி, இந்த வயசுல பரீட்சை எழுதித் தவறிட்டீங்களாமே, நல்லாப் படிச்சிருக்கக் கூடாதா" என்று துக்கம் விசாரித்துப் போனார்கள். அத்தா என்னிடம் கோபிக்கவில்லை. "அடுத்த தடவ தவறினா ஒம் பேருல தவறு" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னபடியே இரண்டாம் முறை என் பெயரில் தவறினேன். இங்கிலீஷில் தவறினால் எல்லாவற்றிலும் தவறியதாகவே வைத்துக்கொள்வார்கள். இங்கிலீஷில் தவறினேன். கணக்கிலும் தவறினேன். கணக்குத் தாளைப் பாதிக்கு மேல் வெள்ளையாகவே கொடுத்துவிட்டு வந்தேன் என்பது உண்மை. கடையில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கணக்கு, அந்தப் பெரிய மண்டபத்தில் வெள்ளைக்காரர் பூட்ஸ் சத்தத்தோடு நடந்து வந்து பின்னால் நின்றதும் கையில் வரவில்லை. இதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. வயது வரம்பைப் பார்த்தால் இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். அப்போதுதான் அத்தா, "தனியா முட்டினது போதும், அந்த வேதக்கார வாத்தியார்கிட்டப் போ" என்றார்.

ஞானப்பிரகாசம் வாத்தியார் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தன் வீட்டு மாடியில் தவறியவர்களுக்கென்று வகுப்பு நடத்தினார். ஊரில் அதற்கு ஃபெயில் கிளாஸ் என்று பெயர். மாடிப்படி ஏறுகிற இடத்தில் கறுப்புப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. அங்கே படித்துத் தேறியவர்களின் பெயர்கள் அதில் வெள்ளைச் சாயத்தால் எழுதப்பட்டிருக்கும். முதல் நாள் நான் போனபோது அவர் ஏணியில் நின்று அந்தப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. மேலிருந்தே கேட்டார்.

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"எதுல போச்சு?"

"இங்கிலீஷ், கணக்கு."

"அப்ப மிச்சம் என்ன இருக்கு, பூகோளமா? பினாங்கு எங்க இருக்குன்னு தெரியும், அதுவரைக்கும் சரி."

மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் செல்லையாவும் ஒருவர். அவரும் அப்போது ஒரு முறை தவறியவர்தான். நான் திரும்பிப் போயிருப்பேன். கீழே வாசலில் அத்தா நின்றுகொண்டிருந்தார், அதனால் போகவில்லை.

அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாங்கிய கயிற்றை வாங்கவில்லை என்று சொல்கிற வியாபாரி அல்ல நான். மதிப்பெண்ணைக் கூட்டுவது எப்படி என்பது அந்த மனிதருக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தீவில் வேறு யாருக்கும் தெரியாது. "மார்க்கு வாங்கப் போகாதே, இருக்கிற மார்க்கை விடாம இருக்கப் போ" என்பார். எங்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க மாட்டார். தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்வார், தப்புகளை மட்டும் எண்ணுவார். ஒவ்வொருவனுக்கும் எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வார். அது போகும்வரை அடுத்ததற்குப் போக விடமாட்டார். "ஒன் தாளைத் திருத்துறவன் அங்க குளிர்ல உக்காந்து, முந்நூறு தாள் பாத்துட்டு, பசியோட ஒன் தாளை எடுப்பான். அவனுக்கு வேலை வைக்காதே. நல்லா எழுதுன பத்து வரி போதும். பதினோராவது வரியிலதான் நீ கவுந்து போறே" என்பார்.

எனக்கு வந்த தப்பு, இங்கிலீஷில் பொருள்களின் பெயருக்கு முன்னால் போடுகிற 'எ'யும் 'த'வும். தமிழில் அப்படி ஒன்று இல்லை. எங்கே போடுவது, எங்கே விடுவது என்று எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை வாத்தியார் என்னைச் சூலியா தெருவில் நடத்திக் கூட்டிப்போனார். கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் பார்த்தால் 'எ', அதையே திரும்பப் பார்த்தால் 'த'. எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு மாமிசக் கடைக்காரர் வாசலில் ஆடு கட்டியிருந்தார். நான் 'எ கோட்' என்றேன். வாத்தியார் என்னை நாலு அடி முன்னால் கூட்டிப்போய், திருப்பிக் கொண்டுவந்து அதே ஆட்டின் முன் நிறுத்தினார். 'த கோட்' என்றேன். மறுபடி போய் மறுபடி வந்தோம். மூன்றாம் முறை கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"காசிம் தம்பி, ஆட்டுல ஏதாச்சும் கொறையா?"

"இல்லண்ணே, படிக்கிறேன்."

"எங்கிட்ட எத்தனயோ பேரு ஆடு வாங்கியிருக்காங்க. ஆட்டைப் படிச்சவன் நீதான்" என்றார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "அந்த மனுசன் சொன்னதுல எங்க 'எ' வரும், எங்க 'த' வரும், சொல்லு" என்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். அன்றோடு அந்தத் தப்பு என்னை விட்டுப் போனது. இதையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன்.

இனி நீங்கள் மூவரும் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அவரிடம் போனவர்கள் எல்லாம் தேறினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் வகுப்பிலிருந்து எத்தனை பேரை வெளியே அனுப்பினார் என்று ஏன் எழுதவில்லை? தேறமாட்டான் என்று தெரிந்தால், "நீ இந்த வருசம் வேணாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். எங்கள் வருடத்தில் ஊருக்கு வெளியே பத்தாங்கான் பக்கமிருந்து நடந்து வந்து படித்த ஒருவரை அப்படி அனுப்பினார். அவர் கீழே போய் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டது எனக்கு இப்போதும் தெரிகிறது. தேறாதவர்களைப் பரீட்சைக்கே அனுப்பாதவரிடம் படித்த எல்லோரும் தேறத்தான் செய்வார்கள். இதற்கு ஏணியும் விளக்கும் எதற்கு?

என்னை அவர் வெளியே அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக ஒருநாள் எல்லோர் முன்னாலும், "காசிம், கணக்கைக் கொன்னுடு" என்றார்.

அது அவர் வழக்கம். கடைசி நாலு மாதத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பாடத்தைச் சாகக் கொடுக்கச் சொல்வார். "எல்லாத்தையும் பொழைக்க வைக்கப் பாத்தா எல்லாம் செத்துப் போகும். ஒன்னக் கொடு, மத்தது பொழைக்கும்." தேற வேண்டிய எண்ணிக்கைக்கு மிஞ்சிய பாடம் ஒவ்வொருவனிடமும் ஒன்று இருக்கும். செல்லையா சரித்திரத்தைக் கொடுத்தார். அவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அவர் துறைமுகத்துக்குப் போக வேண்டியவர்.

"கணக்கை விட மாட்டேன்" என்றேன்.

"போன தடவ வெள்ளத் தாளாக் குடுத்துட்டு வந்தவன் நீ."

"கணக்கு இல்லாம டாக்டர் படிப்பு இல்ல, ஐயா. ஒங்களுக்குத் தெரியும்."

"பாசே இல்லாம டாக்டர் படிப்பு இருக்கா? மொதல்ல பாஸ் ஆகு."

"பாஸ் மட்டும் எனக்கு எதுக்கு? சர்க்கார் கச்சேரி உத்தியோகத்துக்கா? எனக்குக் கயித்துக் கடை இருக்கு."

அவர் அடுத்தவன் தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இங்கிலீஷை அவரிடமும் கணக்கைக் கடையில் காலை நேரத்தில் நானாகவும் படித்தேன். அல்ஜீப்ராவில் ஒரு புத்தகம் முழுக்க இரண்டு முறை போட்டு முடித்தேன்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். முதல் வருடம் அத்தா பெயரில் நான் தவறிய கதை வாத்தியாருக்குத் தெரியும். எனக்கு மட்டும் நேர்ந்தது அல்ல அது. குடும்பப் பெயர் கோட்டில் ஊர்ப் பெயரை எழுதி, ஊர் தேறிவிட்டதாக முடிவு வந்தவரும் உண்டு. அதனால் அவர் யாரையும் விண்ணப்பத்தைத் தொட விடமாட்டார். வெறும் விண்ணப்பத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்து தன் அழகான கையெழுத்தில் தானே நிரப்பி அனுப்புவார். பரீட்சை அனுமதிச் சீட்டு வந்தாலும் அவரே வைத்துக்கொண்டு, தினமும் மண்டபத்து வாசலில்தான் தருவார். அதில் எண் மட்டும் இருக்கும், பாடங்களின் பெயர் இருக்காது. பிறந்ததிலிருந்து யாரையும் நம்பாதவன் நான். எடைக்கல்லை எடைபோட்டுப் பார்த்த பிறகுதான் எடை போடுவேன். அன்று வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அத்தா இன்னொரு முறை தவறக் கூடாது என்று நினைத்தேன்.

இங்கிலீஷ் தாள் நன்றாக எழுதினேன். பத்து வரி, அதற்கு மேல் இல்லை. கட்டுரைக்குத் துறைமுகம் என்று வந்திருந்தது, தெரிந்த பொருள். மூன்றாம் நாள் கணக்கு. வாத்தியார் வழக்கம்போல் வாசலில் எண் சீட்டைக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. உள்ளே போய் என் மேசையைத் தேடினேன். மேசையில் வேறு எண் ஒட்டியிருந்தது. மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரர் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். உன் எண் இந்தப் பாடத்துக்கு இல்லை, நீ இதற்கு விண்ணப்பிக்கவில்லை, வெளியே போக வேண்டும் என்றார். மற்றவர்கள் பேனாவை எடுத்துவிட்டார்கள். நான் எல்லோருக்கும் நடுவே நடந்து வெளியே வந்தேன். அந்தக் காலையில் என்ன கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை, எனக்குத் தெரியும்.

வாத்தியார் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். போகவில்லை. நான் வருவேன் என்று தெரிந்து நின்றிருக்கிறார்.

"பேரை எடுத்திட்டீங்களா?"

"எடுக்கல. போடல" என்றார். "நாலு மாசமா கணக்குத் தாள் இருக்குன்னு பயந்துகிட்டே இங்கிலீஷை எழுதியிருப்பே. ரெண்டும் போயிருக்கும். இப்ப ஒன்னு நிச்சயம்."

"பயம் எனக்கு இல்ல ஐயா. கணக்கு இருக்குன்னுதான நானும் எழுதினேன்."

அவர் அதைக் கேட்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு, "போய்ச் சாப்பிடு, மத்தியானம் பூகோளம் இருக்கு" என்றார்.

நான் அவரை அடிக்கவில்லை. அந்த அளவு மரியாதை அத்தா கற்றுக்கொடுத்திருந்தார். மத்தியானம் பூகோளமும் எழுதினேன். இதற்காக என் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. எழுதாமல் வந்திருந்தால் அவருக்குப் பலகையில் ஒரு பெயர் குறைந்திருக்கும்.

முடிவு வந்தபோது நான் தேறியிருந்தேன். இங்கிலீஷில் நல்ல மதிப்பெண். அத்தா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். எனக்கு அந்தச் சான்றிதழ் கடைச் சுவரில் மாட்டத்தான் உதவும் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்டேன். கணக்கு இல்லாமல் முடியாது, வயது கடந்துவிட்டபடியால் அடுத்த வருடமும் முடியாது என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.

அந்த வருடத்துக் கணக்குத் தாளைச் செல்லையாவிடம் வாங்கினேன். அவர் எழுதியிருந்தாரே. படிக்காமல் மடித்து வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையைச் சாத்திக்கொண்டு, அத்தாவின் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கொடுத்த நேரத்துக்குள் எழுதி முடித்தேன். எடுத்துக்கொண்டு நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாத்தியாரம்மா எனக்கும் தட்டு வைத்தார்கள். உட்காரவில்லை.

"திருத்துங்க" என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு கணக்காகப் பார்த்தார். அவர் திருத்துகிறபோது ஏமாற்ற மாட்டார், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கணக்கை இரண்டு முறை பார்த்தார். கூட்டிப் போட்டு என் பக்கம் திருப்பினார். தேறியிருந்தேன். ஓரத்தில் தொங்கிக்கொண்டு அல்ல, நன்றாகவே.

"கடையில உக்காந்து எழுதினது" என்றார்.

"மண்டபத்துல உக்காந்து எழுத விட்டீங்களா?"

"வீட்டுல உக்காந்து எழுதுறவன் எல்லாம் பாஸ்தான் காசிம். போன தடவையும் வீட்டுல நீ பாஸ்தான்."

"தோக்கிறதா இருந்தாலும் அத நான்தான் மண்டபத்துல தோத்திருக்கணும். தோக்கிறதும் என் பாடம்தான். அத நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அவர் பென்சிலை மேசையில் வைத்தார். வாத்தியாரம்மாதான், "அந்தப் புள்ள சொல்றது ஞாயந்தானே" என்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. தவறிவிட்டேன் என்று அவர் சொல்லும் ஒரு சொல்லுக்காக அங்கே நின்றேன். தட்டில் சோறு ஆறிப்போனது. அந்தச் சொல் வரவில்லை.

கீழே இறங்கும்போது பலகையில் என் பெயரைப் பார்த்தேன். சாயம் புதிதாக இருந்தது. இடுப்பில் கயிறு அறுக்கிற கத்தி இருந்தது, சுரண்டிவிட்டேன். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது மறுபடி எழுதியிருந்தார். மறுபடி சுரண்டினேன். சுரண்டும்போது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது எம் பலகை."

"அது எம் பேரு" என்றேன்.

மூன்றாம் முறை அவர் எழுதவில்லை. செல்லையா பெயருக்கும் வேறொருவர் பெயருக்கும் நடுவே அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் அங்கே யார் பெயர் இருந்தது என்று கேட்டிருக்கலாம். என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது.

அதன் பின் இருபது வருடங்களுக்கு மேல் நாங்கள் பேசவில்லை. பாசாரில் எதிரெதிரே வந்தால் அவர் தொப்பியைத் தொடுவார், நான் தலையை அசைப்பேன். இந்த ஊரில் அதற்குக் குறைந்து முடியாது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நம் ஆட்கள் சொல்வதை டாக்டருக்கு முழுதாகச் சொல்கிறேன், டாக்டர் சொல்வதை இவர்களுக்கு முழுதாகச் சொல்கிறேன். அந்த இங்கிலீஷ் அவர் கொடுத்தது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நான் அங்கே நிற்கிற இடம் நாற்காலிக்குப் பக்கத்தில். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஒருவர். போன மாதம் வந்த டாக்டர் என்னைவிடப் பல வயது சின்னவர். நல்ல பையன்தான். அவரும் கணக்கில் தேறியவர்.

புதன்கிழமை நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வேதக்காரர் கோவிலுக்குள் போகவில்லை, வாசலில் நின்றேன். கூட்டம் கல்லறைக்குக் கிளம்பியதும் கடைசியில் நடந்தேன். என் பக்கத்தில் முப்பது வயதுக்குள் இருக்கிற ஒருவர் நடந்து வந்தார். ராயப்பன் என்று பெயர் சொன்னார், நானும் என் பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்து ஆசிரியர், அவரும் ஃபெயில் கிளாசில் படித்தவர்தானாம்.

"நீங்களும் வாத்தியார்கிட்டப் படிச்சீங்களாண்ணே? பலகையில ஒங்க பேரைப் பாத்ததில்லையே."

"பலகையில இல்ல" என்றேன்.

"எங்க காலத்துல ரொம்பக் கண்டிப்பு. விண்ணப்பத்த நாங்கதான் எழுதணும். பாடம் ஒவ்வொன்னையும் சத்தமாப் படிச்சு, ஒவ்வொன்னுக்கும் நேரா நாங்களே கையெழுத்துப் போடணும். அப்புறந்தான் அவரு தொடுவாரு. நான் கணக்குல சுத்த சைபர்ண்ணே. விட்டுடுறேன்னு நானே சொன்னேன். நீ நாளைக்கு என்ன ஆகணும்னு நெனைக்கிறேன்னு மொதல்ல சொல்லு, அப்புறம் விடலாமா கூடாதான்னு பாப்போம்னாரு. ஒருத்தருக்கு எதுக்கு இத்தன கையெழுத்துன்னு கேட்டோம். ஒரு ஆளுக்கு நான் ஒரு தப்பு செஞ்சேன், மறுபடி செய்ய மாட்டேன்னு சொன்னாரு. யாருன்னு சொல்லல."

நான் நடந்துகொண்டே இருந்தேன். அவர் வேறு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார், எனக்குக் கேட்கவில்லை. மண் போட்டபோது நானும் ஒரு பிடி போட்டேன். முன்னால் நின்ற வாத்தியாரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராயப்பன் சொன்னதைச் செல்லையாவிடம் சொன்னேன், அதில் நான் இளகிப்போயிருப்பேன் என்று அவர் நினைத்தார். "இப்பவாச்சும் மனசு ஆறிச்சா அண்ணே" என்று கேட்டார். ஆறவில்லை. தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வருடா வருடம், ஒவ்வொரு கையெழுத்து வாங்கும்போதும் தெரிந்திருக்கிறது. முகம் தெரியாத பிள்ளைகளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்கிறது. அவர் வீட்டிலிருந்து என் கடைக்குப் பத்து நிமிட நடை. நடுவில் ஆறு இல்லை, மலை இல்லை. காலை எட்டு மணியிலிருந்து நான் அங்கேதான் இருக்கிறேன், இருபது வருடமாக.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று கேட்டால், இங்கிலீஷை வைத்துக்கொள்கிறேன், அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் என்னிடம் சொல்லாமல் மற்றவர்களிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் வைத்துக்கொள்கிறேன். அது எனக்கு உரியது. ராயப்பன் வழியாக வந்தாலும் எனக்கு வந்து சேர வேண்டியதுதான். ஆனால் மன்னிப்பைக் கேட்டு வாங்க வேண்டியவர் அவர், கேட்காத ஒன்றை நான் எப்படிக் கொடுப்பது? கொடுக்கவில்லை. அவர் வந்திருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன், கோப்பி வாங்கி வரச் சொல்லியிருப்பேன், மன்னிப்பைக் கொடுத்தும் இருப்பேன். அவர் வரவில்லை. அது இன்னும் என்னிடமே இருக்கிறது.